நத்தை ஓட்டைப் புளி போட்டு விளக்கிய கதை

எங்கள் கல்லூரியில் விலங்கியல் கூடத்து வாசலுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. "புளி, எலுமிச்சை, தயிர், சிர்கா ஆகியவற்றை இந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது" என்று கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதியிருக்கும். சிர்கா வேறொன்றும் இல்லை, ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடிதான். பெங்களூர்த் தண்டில் எல்லோரும் அதைச் சிர்கா என்றுதான் சொல்வார்கள். கண்டோன்மென்ட் என்று சொல்ல வாய் வராமல் தண்டு என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள்.

புதிதாக வருகிற வாத்தியார்கள் அந்தப் பலகையைப் பார்த்து ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எழுதி வைத்த புரொபசர் வெங்கோப ராவ் ஆசாரக்காரர், பிறத்தியார் சாப்பாட்டு வாசனை ஆகாது என்பார் ஒருவர். எறும்பு வரும் என்பார் இன்னொருவர். நான் பக்கத்திலேயே துடைக்கிற துணியோடு நின்று "இருக்கும் சார், இருக்கும்" என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதே வாரம் மர அலமாரிகளையும் வெளியே எடுத்துவிட்டு இரும்பு அலமாரி கொண்டுவந்தார்கள். பலகையையும் கழற்றப் போகிறார்களாம். "இத்தனை வருஷம் அட்டெண்டரா இருந்தீங்களே, கல்லூரி மலருக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். பலகை இறங்குவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆசாரமும் இல்லை, எறும்பும் இல்லை. அந்தப் பலகைக்குக் காரணம் நான்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. தண்டை ஒட்டிய நீலசந்திராவில் பிறந்து, மீசை அரும்பும் முன்பே தண்டில் ஒரு பட்டாளத்து மெஸ்ஸில் பித்தளை விளக்கப் போனேன். புளியும் சாம்பலும் ஒரு தேய்ப்பு, அதற்கும் மசியாத கறைக்குச் சிர்காவில் ஊறல், பிறகு கம்பளித் துணி. என் பாடம் அவ்வளவுதான். நான் விளக்கிய தட்டில் துரைமார் முகம் பார்த்து மீசை முறுக்குவார்கள். முதல் யுத்தம் முடிந்து அந்தப் பட்டாளம் கப்பலேறியது. விளக்கப் பித்தளை இல்லாமல் நின்ற என்னைக் கல்லூரியில் தற்காலிக அட்டெண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தற்காலிகம் நான்கு வருஷம் நீடித்தது.

வெங்கோப ராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர், சரிகைத் தலைப்பாகை, மூடிய கோட்டு, காலில் சத்தமே வராத செருப்பு. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், இரண்டுக்கும் நடுவே அவருக்கென்று ஒரு பாஷை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, மரியாதை ஏறும். நல்ல நாளில் நான் "ஏனப்பா சவரிமுத்து". கொஞ்சம் எரிச்சல் என்றால் "மிஸ்டர் சவரிமுத்து". அதற்கு மேலே போய்விட்டால் "மிஸ்டர் சவரிமுத்து அவர்களே, தயவு செய்து உட்காருங்க". உட்காரச் சொல்லிவிட்டால் ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். எனக்கு முன்னால் இருந்த அட்டெண்டரை ஒரே ஒரு தடவைதான் உட்காரச் சொன்னாராம். மறுநாள் அவர் ஆடுகோடிப் பக்கம் ஒரு மரக்கடை வேலைக்குப் போய்விட்டார்.

ராவுக்கு உயிர் நத்தை. நத்தையென்றால் தின்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள், அவர் வெங்காயம்கூடத் தொடமாட்டார். எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரின் ஏரிக்கரை, தோப்பு, பாழ்சுவர் எல்லாம் நடந்து நடந்து காலி ஓடுகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஊரும் இடமும் எழுதிய சீட்டுப் போட்டு ஒரு பெரிய தட்டில் அடுக்கி வைத்திருந்தார். அது போக, ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் உயிரோடு பன்னிரண்டு நத்தைகள். பெயர் கிடையாது, நம்பர்தான்.

காலையில் என் முதல் வேலை அந்தப் பெட்டிதான். மூடியைத் திறந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். முட்டைக்கோஸ் இலை வைக்க வேண்டும். நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிற முட்டை ஓட்டை நொறுக்கித் தூவ வேண்டும். முட்டை ஓட்டை ராவ் தொடமாட்டார், தள்ளி நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். பிறகு ஒவ்வொரு நத்தையாக எடுத்துக் கொடுப்பேன். அதன் ஓட்டு வாய் விளிம்பில் முன்பு அவர் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டிருப்பார். அந்தக் கோட்டைத் தாண்டி ஓடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நூல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். இதெல்லாம் எதற்கென்று நான் கேட்டதில்லை. முட்டை ஓடு நத்தைக்குப் பலகாரம் போல என்று நினைத்துக்கொண்டேன். பையன்களுக்கு அவர் விளக்கம் சொல்வது இங்கிலீஷில். என் இங்கிலீஷ் மெஸ் இங்கிலீஷ், "பாலிஷ்", "க்விக்", இன்னும் இங்கே எழுத முடியாத சில வார்த்தைகள்.

ஒருநாள் பெட்டியின் மூடி என் கையிலிருந்து நழுவி ஏழாம் நம்பர் மேல் விழுந்தது. ஓட்டில் மிளகு அளவு ஓட்டை, உள்ளே ஈரச் சதை தெரிந்தது. ராவ் வந்து பார்த்தார். "மிஸ்டர் சவரிமுத்து," என்றார். நல்லவேளை, அதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு மூன்று நாளில் ஓட்டைக்கு உள்பக்கமிருந்து கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படலம் மூடியிருந்தது. சில வாரத்தில் அது கெட்டிப்பட்டு வெள்ளையாக ஒரு ஒட்டு ஆகிவிட்டது. என் வீட்டுக் கூரைக்கு இந்தக் குணம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மழைக்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ரோசம்மா, எங்கள் கோவில் உபதேசியார் அந்தோணியின் மகள். உபதேசியார் சாமியாருக்கு வலது கை மாதிரி. ஜெபம் சொல்லிக் கொடுப்பது, கல்லறைத் தோட்டத்துச் சாவி வைத்திருப்பது, கல்யாண ஓலையை எழுதிச் சாமியார் கையில் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. உபதேசியார் என்னிடம் முன்பே ஒன்று சொல்லியிருந்தார்: "தம்பி, தற்காலிக வேலைக்காரனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். நிரந்தரம்னு சொல்றீங்க, நம்பி ஓலை எழுதுறேன்." நானும் வாய் கூசாமல் "ஆயிடும் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

அது முழுப்பொய் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சர்வகலாசாலையிலிருந்து ஒரு சீமைத் துரை தலைமையில் சோதனைக்கு வருகிறார்கள். பார்த்துத் திருப்தியானால் விலங்கியலுக்குப் பட்ட வகுப்பு கிடைக்கும். வகுப்பு கிடைத்தால் அட்டெண்டர் வேலை நிரந்தரம். வெள்ளிக்கிழமை சரியாகப் போனால் ஞாயிறு இரண்டாம் ஓலை, இல்லாவிட்டால் ரோசம்மா இல்லை. கணக்கு அவ்வளவு சுலபம்.

வியாழக்கிழமை காலை ராவ் அந்தச் சோதனைக்காரர்களை வரவேற்க ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். போகும்போது, "ஏனப்பா, எல்லாம் சுத்தமா இருக்கணும், ஆயித்தா?" என்று கன்னடம் கலந்து கேட்டுவிட்டுப் போனார். இந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? தரையைத் தேய்த்தேன். கண்ணாடி துடைத்தேன். பிறகு அந்த ஓட்டுத் தட்டைப் பார்த்தேன். எட்டு வருஷத்துச் சரக்கு, ஒன்றுகூடப் பளபளக்கவில்லை. எல்லாம் மங்கிய பழுப்பு. சீமைத் துரைக்கு இதையா காட்டுவது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பழைய மெஸ் பட்லரிடம் ஓடிப்போய் ஒரு ஜாடி சிர்கா வாங்கி வந்தேன். வீட்டுப் புளி கையோடு இருந்தது. முதல் ஓட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். மெல்ல நுரைத்தது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நுரைத்தால் அழுக்குப் போகிறது என்று அர்த்தம், இது மெஸ்ஸில் பாலபாடம். ஆனாலும் பழுப்பு போகவில்லை. கறை கெட்டியானது என்று முடிவு கட்டி, சீட்டுகளை ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு, தட்டிலிருந்த ஓடுகளை எல்லாம் சிர்காவில் போட்டேன். ஜாடி முழுக்கச் சோடா மாதிரிப் பொங்கியது. எவ்வளவு அழுக்கு பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, மற்ற ஜன்னல்களைத் துடைக்கப் போனேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்து ஜாடிக்குள் கையை விட்டேன். கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை. அடியில் துழாவினேன். வழவழவென்று என்னவோ மாட்டியது. எடுத்துப் பார்த்தால், ஊறிப்போன வெங்காயத் தோல் மாதிரி, பழுப்பு நிறத்தில், சுருளின் வடிவம் மட்டும் அப்படியே இருக்கிற ஒரு மெல்லிய தோல். ஊதினால் ஆடியது. பெரிய ஓடுகள் சில அங்கங்கே பொத்தலோடு மிச்சம் இருந்தன. சின்னவை எல்லாம் வெறும் தோல். நான் வேண்டாமென்று தேய்க்க நினைத்த பழுப்பு ஒன்றுதான் மிச்சம், மற்ற ஓடு முழுக்கப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துச் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால் ராவ் நிற்கிறார். மேஜையில் ஜாடி, புளி, ஈரத் தோல்கள், வரிசையாக அவர் கையெழுத்துச் சீட்டுகள். அவர் ஒரு தோலை எடுத்து விரல் நுனியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமை அது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

"மிஸ்டர் சவரிமுத்து அவர்களே," என்றார். "தயவு செய்து உட்காருங்க."

உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணில் தெரிந்தது ஆடுகோடி மரக்கடைதான்.

அவர் ஜாடியிலிருந்து ஒரு சொட்டுச் சிர்கா எடுத்துப் பழைய வெள்ளையடித்த சுவரில் விட்டார். நுரைத்தது. நான் காலையில் கொண்டுவந்த முட்டை ஓட்டின் மேல் ஒரு சொட்டு விட்டார். நுரைத்தது. பொத்தல் ஓட்டின் மேல் விட்டார். அதுவும் நுரைத்தது.

"மூணும் ஒண்ணுதான்," என்றார். "சுண்ணாம்பு. நீங்க வெத்தலைக்குப் போடறீங்களே, அது எங்கிருந்து வருது?"

"கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கறது சார்."

"கிளிஞ்சல்னா?"

தினமும் நாலு வேளை வெற்றிலை போடுகிறவன், கிளிஞ்சல் ஒரு பிராணியின் ஓடு என்று அன்றுவரை யோசித்ததே இல்லை.

பிறகு அவர் எனக்காகத் தமிழில் சொன்னார். நத்தை பிறக்கும்போதே ஓட்டின் உச்சியிலுள்ள அந்தச் சின்னச் சுருளோடு பிறக்கிறது. பாம்பு மாதிரிச் சட்டையைக் கழற்றிப் போடாது, நண்டு மாதிரி மாற்றிக்கொள்ளாது. இருக்கிறதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போகும், வாய் விளிம்பில் மட்டும். விளிம்பை ஒட்டி ஒரு சதை மடிப்பு இருக்கிறது, அதுதான் கொத்தனார். முதலில் மேல்தோலை விரிக்கும், பிறகு அதன் உள்பக்கம் சுண்ணாம்பைப் படிப்படியாகப் பூசும். அந்தச் சுண்ணாம்பு மண்ணிலிருந்தும் தீனியிலிருந்தும் வர வேண்டும். அதற்குத்தான் முட்டை ஓடு. ஏழாம் நம்பர் தன் ஓட்டையை அடைத்ததும் அந்தச் சுண்ணாம்பால்தான். புளிப்புப் பட்டால் சுண்ணாம்பு கரையும், தோல் கரையாது.

"அப்ப நான் கழுவினது அழுக்கில்ல சார்..."

"வீட்டையே கழுவிட்டீங்க," என்றார். சொல்லிவிட்டுத் திடீரென்று தலையைத் தூக்கினார். "சுவரு... ஏனப்பா, இந்த ஊர்ல பழைய சுண்ணாம்பு நிறைய எங்கிருக்கு?"

"ஏனப்பா" என்றாரே, உயிர் வந்தது எனக்கு. "கல்லறைத் தோட்டம் சார். வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறோம். மழை பேஞ்சா சமாதி பூரா நத்தைதான், காலி ஓடும் நிறையக் கிடக்கும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கல்லறை வாசலில் நின்றோம். சாவி உபதேசியாரிடம். அவர் என்னைப் பார்த்தார், தலைப்பாகையோடு நிற்கிற ராவைப் பார்த்தார், என் கையிலிருந்த கூடையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, யாருக்கு என்ன ஆச்சு?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் இறுகிப்போனது. "அப்ப நிரந்தரம்?"

அவர் ராவிடமே கேட்டுவிட்டார்: "ஐயா, நீங்க பெரியவங்க. என் பொண்ணு விஷயம். இந்தத் தம்பி வேலை நிக்குமா நிக்காதா?"

ராவ் பொய் சொல்லத் தெரியாதவர். "அது இன்னிக்கு அவங்க பார்த்துட்டுப் போனாத்தான் தெரியும். ஆனா சுத்தத்துல இவரைக் குறை சொல்ல முடியாது. அதான் தொந்தரவே."

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "ரெண்டாம் ஓலை என் பையில இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல வரைக்கும் பையிலயே இருக்கும்," என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

ராவ் வாசலிலேயே குடையோடு நின்றார். மயானத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. நான் உள்ளே போய் நாலு காலி ஓடு எடுப்பதற்குள், "அது இல்லப்பா, பக்கத்துல இருக்கிற சின்னது!" என்று கத்தினார். இன்னும் இரண்டு எடுத்தேன். "அய்யோ, மெதுவா!" அதற்குமேல் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். ஒவ்வொரு சமாதியிலும் குனிந்து பெயரைப் படித்து, "கர்னல் சாஹேப், ஒரு நிமிஷம்," "மன்னிக்கணும் அம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். செத்தவர்கள் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை என்று நம்புகிறேன். ஓரிடத்தில் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். வெள்ளைச் சுவரில் ஒரு நத்தை வாயை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தது. போன தடமெல்லாம் சுண்ணாம்பு மெல்லியதாகத் தேய்ந்திருந்தது. "பாரப்பா, வீடு கட்டக் கல்லு எடுக்குது," என்றார். அன்றைக்குச் சோதனை இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

பத்து மணிக்குச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். கூடம் முழுக்க ஊறுகாய் வாசனை. நடுமேஜையில் ராவ் ஒரு தட்டு வைத்திருந்தார்: முதலில் கல்லறையிலிருந்து பொறுக்கிய முழு ஓடு, அடுத்து பொத்தல் ஓடு, அடுத்து வெறும் தோல். எதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் உயிர் நத்தைகள், வெள்ளை ஒட்டுப் போட்ட ஏழாம் நம்பர். பெரிய துரை அந்தத் தோலை வெகுநேரம் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். ராவ் என்னைக் காட்டினார். துரை என்னை மேலும் கீழும் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது "எக்ஸ்ட்ரார்டினரி" என்ற ஒரே வார்த்தை. அது பாராட்டு என்று தெரியும். மெஸ்ஸில் நல்ல விஸ்கிக்கு அப்படித்தான் சொல்வார்கள். நான் சலாம் வைத்தேன்.

சனிக்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டு நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார். ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு ராவ் வந்து கோவிலின் கடைசி வரிசையில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். பரிசாகப் பித்தளை மெழுகுவத்தித் தண்டு இரண்டு கொடுத்தார். கூடவே ஒரு சீட்டு: "இவற்றைத் தாராளமாக விளக்கலாம்." பலகை அடுத்த வாரம் ஏறியது.

இருபத்தைந்து வருஷம் நான் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்லிவந்தேன். கை தவறியது உண்மைதான், ஆனால் துரையே அசந்துபோய்ப் பாராட்டி நிரந்தரமாக்கினார் என்று. ரோசம்மா ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். பண்டிகைக்கு அவள் புளியைக் கையில் எடுத்தாலே என்னை வாசலுக்கு அனுப்பிவிடுவாள், அது வேறு விஷயம்.

போன மாதம் கடைசி நாளன்று ஹெட்கிளார்க் என் சர்வீஸ் காகிதக் கட்டை எடுத்துத் தூசி தட்டினார். "ஐயா, உங்களைப் பத்தி ஒரு பழைய கடிதம் இருக்கு," என்று சொல்லித் தமிழில் படித்துச் சொன்னார். துரையின் குறிப்பு முதலில். வகுப்புக்கு அனுமதி தரலாம். ஆனால் அசாதாரணமான கவனக்குறைவால் ஓடுகளை அழித்த அந்தச் சிப்பந்தியை உடனே நீக்க வேண்டும். எக்ஸ்ட்ரார்டினரி என்ற என் பாராட்டுக்கு அதுதான் அர்த்தம்.

அதன் கீழே ராவின் பதில், அதே வெள்ளிக்கிழமை எழுதியது: "ஓடு எதனால் ஆனது என்று சவரிமுத்துவுக்கு நான் நான்கு வருஷம் சொல்லவில்லை. பித்தளையை எப்படி விளக்குவது என்று மட்டும் வேறு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குற்றம் என்னுடையது. நேற்று சொல்லிவிட்டேன். சவரிமுத்து இனி மறக்கமாட்டார். நீக்கிவிட்டால் அடுத்து வருகிறவருக்கு நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதற்கு என்னிடம் ஓடு மிச்சமில்லை. ஆகவே நிரந்தரமாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ராவ் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. ஒருநாள்கூட என்னிடம் இதைச் சொன்னதில்லை.

"இங்கிலீஷ்ல பேருக்கு முன்னாடி மிஸ்டர்னு போட்டிருக்காரா பாருங்க," என்றேன்.

ஹெட்கிளார்க் விரல் வைத்துத் தேடினார். "இல்லைங்க. ரெண்டு இடத்துலயும் வெறும் சவரிமுத்துன்னுதான் இருக்கு. ஏன்? நீங்க உட்காருங்கய்யா."

"வேண்டாம்," என்றேன். நின்றுகொண்டே அதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.